நிலவறையின் காவலனை அறிதல்

ஒரு கலைப்படைப்பை விலக்குவதற்கும் அதனை மதிப்பிடுவதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. விலக்குவோர் அதனைப் பார்க்க வேண்டியதில்லை. மதிப்பிடுவோர் பார்த்தே ஆகவேண்டும். நம் இல்லங்களில் பிள்ளைகள் திரையின்முன் அமர்ந்து ஆடும் வீடியோ விளையாட்டுகளைப் பற்றிப் பெரியவர்கள் உரைக்கும் சொற்கள் பெரும்பாலும் இரண்டே. ‘நேரம் பாழாகிறது’ என்பது ஒன்று. ‘சத்தமின்றி ஓரிடத்தில் இருக்கிறானே, அதுபோதும்’ என்பது மற்றொன்று. இரண்டிலும் அவ்விளையாட்டைப் பற்றிய சொல் ஒன்றுமில்லை. பிள்ளை படிக்கும் நூல் நல்லதா, கேட்கும் பாடல் தக்கதா என்று ஆராயும் நாம், அவன் மணிக்கணக்கில் உள்நுழைந்து உலவும் கதையுலகம் எத்தகையது என்று ஆராயாமல் விடுவது முறையாகாது.

வீடியோ விளையாட்டுகள் யாவும் ஒரே வகையின அல்ல. பந்தாட்டம், கார்ப் பந்தயம், துப்பாக்கிச் சண்டை எனப் பல வகைகள் அவற்றுள் உண்டு. அவற்றுள் கதையுடன் மிக நெருங்கிய உறவுடையது சாகசப் பயண வகை. ஓர் இளம் வீரன் நாடெங்கும் அலைகிறான். மலையடியிலோ காட்டின் நடுவிலோ மறைந்து கிடக்கும் நிலவறைக்குள் இறங்குகிறான். அதன் அறைகளையும் பொறிகளையும் கடக்கிறான். இறுதி அறையில் அதனைக் காத்து நிற்கும் பெருவிலங்கையோ பூதத்தையோ வெல்கிறான். இந்நிலவறையை ‘டஞ்சன்’ என்றும் காவல் நிற்பதை ‘பாஸ்’ என்றும் பிள்ளைகள் வழங்குவர். நாம் இக்கட்டுரையில் நிலவறை, காவலன் என்ற சொற்களையே ஆளுவோம். ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா’ வரிசையிலிருந்து சில படைப்புகளையும், அவ்வரிசைக்கு வெளியே நிற்கும் ஒரு படைப்பையும் எடுத்துக்கொண்டு, இவ்வடிவத்தின் நிறைகுறைகளைக் காண்பதே நம் நோக்கம்.

நிலவறை பிறந்த கதை

நிலவறையில் இறங்கிப் புதையல் தேடுவதை விளையாட்டாக்கியவர்கள் அமெரிக்கராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர். 1974ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ கணிப்பொறி விளையாட்டு அன்று. தாளும் பென்சிலும் பகடைக் காய்களும் கொண்டு நண்பர்கள் கூடியிருந்து ஆடுவது. ஒருவர் நிலவறையை வாய்மொழியாக வருணிப்பார், மற்றையோர் ‘இடப்பக்கக் கதவைத் திறக்கிறோம்’ என்பர், பகடை உருளும், திறந்த கதவுக்குப் பின்னால் நிற்பது என்ன என்பது தெரியவரும். அடுத்த சில ஆண்டுகளிலேயே இவ்வமைப்பு கணிப்பொறிக்குள் புகுந்தது.

அதற்குச் செப்பமான வடிவம் தந்தவற்றுள் முதன்மையாகக் கருதப்படுவது, 1986 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்த முதல் ஸெல்டா விளையாட்டு. அதனை ஆக்கியோருள் தலையாயவர் ஷிகெரு மியாமோட்டோ. கியோட்டோ நகரை அடுத்த சோனோபே என்னும் சிற்றூரில் வளர்ந்த அவர், சிறுவயதில் குன்றுகளில் அலைந்து குகையொன்றைக் கண்டதையும், விளக்குடன் அதனுள் நுழைந்ததையும் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். அச்சமும் ஆவலும் ஒருங்கே நெஞ்சில் நிற்கும் அந்நிலையை மற்றப் பிள்ளைகளுக்கும் தரவேண்டும் என்பதே அவர் கருத்தாயிற்று.

அவ்விளையாட்டில் ஒன்பது நிலவறைகள் உள்ளன. அவற்றின் கட்டுமானத்தில் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. உள்ளே வரைபடம் ஒன்று கிடைக்கும். திசைகாட்டி ஒன்று கிடைக்கும். பூட்டிய கதவுகளுக்குச் சாவிகள் கிடைக்கும். இவை யாவற்றினும் சிறப்பாக, ஒரு கருவியும் கிடைக்கும். இறுதி அறையின் காவலனைக் கடந்தால் சிதறிப்போன முக்கோணத்தின் ஒரு துண்டு கைக்கு வரும். எட்டு நிலவறைகளில் எட்டுத் துண்டுகளைச் சேர்த்த பின்னரே ஒன்பதாவதில் புகலாம். பார்வைக்கு எளிய இவ்வமைப்பில்தான் இவ்வடிவத்தின் உயிர்நிலை இருக்கிறது.

காவலன் என்னும் வினா

ஐந்தாம் நிலவறையை எடுத்துக்கொள்வோம். அதன் காவலன் ஒற்றைக் கண்ணுடைய பெரியதோர் உருண்டை. வாள்வீச்சு அதனை ஒன்றும் செய்யாது. எத்தனை முறை வெட்டினும் அஃது அப்படியே இருக்கும். அந்நிலவறையிலேயே முன்னதாகக் குழல் ஒன்று கிடைத்திருக்கும். அக்குழலை அதன்முன் ஊதினால் அவ்வுருண்டை சுருங்கிச் சிறிதாகிவிடும்; அதன்பின் வாளுக்கு வேலையுண்டு. வலிமையினால் வெல்ல முடியாததை இசையொலியினால் வெல்க என்பதே அந்த அறை எழுப்பும் வினாவுக்குரிய விடை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1998இல் வெளிவந்த ‘ஓக்கரினா ஆஃப் டைம்’ இம்முறையை இன்னும் நுட்பமாக வளர்த்தது. அதன் முதல் நிலவறை ஒரு முதுமரத்தின் உட்புறம். காட்டுச் சிறார்களைப் பேணிக் காத்துவரும் அம்மரம் தீயவன் ஒருவனின் சாபத்தால் உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது. தன்னுள்ளே புகுந்து சாபத்தை முறிக்குமாறு லிங்க் என்னும் சிறுவனை அம்மரமே வேண்டுகிறது. உள்ளே தரையின் நடுவில் தடித்த சிலந்தி வலை பரந்து கிடக்கிறது. வாளால் அதனை அறுக்க இயலாது. சுவரில் ஏறி மேல்தளங்களைச் சுற்றிவரும் பிள்ளை, உச்சியிலிருந்து கீழே நோக்கும்போது அவ்வலை நேர் கீழே இருப்பதைக் காண்கிறான். அங்கிருந்து குதித்தால் உடலின் பாரமே வலையைக் கிழித்துவிடுகிறது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. உயரத்தையும் வலையையும் ஒருசேரக் கண்ட கண்ணே சொல்லித் தருகிறது.

இடையில் ஓர் அறையில் உண்டிவில் கிடைக்கிறது. எட்டாத இடத்திலிருக்கும் சிலந்திகளை அடிக்க அஃது உதவுகிறது. இறுதி அறைக்குச் சற்று முன்னால், தோற்றுப்போன சிற்றுயிர் ஒன்று, தன் அரசியை மயங்கச் செய்தபின் வாளால் தாக்கவேண்டும் என்னும் இரகசியத்தைக் கூறிவிடுகிறது. பின்னர் இறுதி அறை. கதவு மூடிக்கொள்கிறது. அறையோ இருண்டு வெறுமையாக இருக்கிறது. எங்கோ ஊர்ந்து செல்லும் ஓசை மட்டும் கேட்கிறது. பிள்ளை அண்ணாந்து மேற்கூரையை நோக்கும்வரை போர் தொடங்குவதே இல்லை. நோக்கியவுடன் அங்கே ஒரு பெருங்கண் திரும்பி அவனை நோக்குகிறது. அக்கண்ணே அப்பெருஞ்சிலந்தியின் வலிமையற்ற இடம், உண்டிவில்லின் இலக்கு. நிலவறை முழுவதும் சிறுகச் சிறுகக் கற்பித்த பாடத்தை இறுதி அறை ஒரே வினாவாகக் கேட்டுவிடுகிறது.

தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் பழக்கமுடையோர்க்கு இது முற்றிலும் அயலான அமைப்பாகத் தோன்றாது. வினாவும் விடையுமாக நடக்கும் மசலா என்னும் இலக்கிய வகை நமக்கு உண்டு. 1572ஆம் ஆண்டினதான வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரமசலா அவ்வகையில் தொன்மையானது. நூறு மசலாவிலோ இளவரசியின் வினாக்களுக்கு விடையிறுத்தே அவள் கரத்தைப் பற்றவேண்டும். அங்கே வாள் வெல்வதில்லை, விடையே வெல்கிறது. நல்ல நிலவறையும் ஒருவகை மசலாவே. பூட்டிய கதவு வினா, சாவி விடை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மசலாவில் விடை நாவினால் சொல்லப்படுகிறது; நிலவறையில் கையாலும் காலாலும் கண்ணாலும் சொல்லப்படுகிறது.

ஆகவே இவ்வடிவத்தை அளக்கும் முதல் அளவுகோல் நமக்குக் கிடைக்கிறது. காவலன் எத்துணைப் பெரியவன், எத்துணைக் கொடியவன் என்பது அளவுகோல் அன்று. அவனை வெல்ல அவனை அறிய வேண்டியிருக்கிறதா என்பதே அளவுகோல். சிலந்தியின் கண் எப்போது திறக்கும், எப்போது சிவக்கும், எப்போது அது முட்டையிட மேலேறும் என்பதை உற்று நோக்காத பிள்ளை தோற்கிறான், நோக்கியவன் வெல்கிறான். பகைவனை வெறுப்பது எளிது. அவனை உற்று நோக்குவது அரிது. நல்ல நிலவறை இந்த அரிய செயலைப் பிள்ளையிடம் கேட்கிறது.

அறிவு விலகி உழைப்பு மட்டும் எஞ்சுமிடம்

இவ்வளவுகோலைக் கொண்டு பார்க்கும்போது குறைகளும் தெளிவாகத் தெரிகின்றன. அதே ‘ஓக்கரினா’வில் நீர்க்கோயில் என்னும் நிலவறை ஒன்றுண்டு. நீரின் மட்டத்தை மூன்று நிலைகளில் உயர்த்தியும் தாழ்த்தியும் வழிகாணவேண்டும். கருத்தளவில் மிகச் சிறந்த அமைப்பு. ஒரே கட்டடம் நீர் ஏற இறங்க மூன்று கட்டடங்களாகிறது. முழுக் கட்டடத்தையும் மனத்தில் தாங்கி நடப்பவனே தேறுவான். ஆயினும் நீருக்கடியில் நடக்க இரும்புக் காலணி அணியவேண்டும். மேலெழ அதனைக் கழற்றவேண்டும். ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்திப் பட்டியலைத் திறந்து மாற்றவேண்டும். இது வினாவுமன்று, விடையுமன்று, வெறும் தொல்லை. நிலவறைகளை வடிவமைத்த எய்ஜி அவோனுமா பின்னாளில் இதற்காக வருத்தம் தெரிவித்தார். 2011இல் வந்த புதுப்பதிப்பில் ஒரே பொத்தானில் காலணி மாறும்படி திருத்தப்பட்டது. ஒரு படைப்பாளி தம் படைப்பின் எந்தப் பகுதி அறிவைக் கேட்கிறது, எந்தப் பகுதி பொறுமையை மட்டும் உறிஞ்சுகிறது என்று பிரித்துணர்ந்து திருத்துவது பாராட்டத்தக்கது.

இதனினும் பெருங்குறை வேறு விளையாட்டுகளில் காணப்படுகிறது. காவலனின் உயிர் ஓர் எண். வீரனின் வலிமை ஓர் எண். சிறுபகைவரை நூற்றுக்கணக்கில் கொன்று தன் எண்ணைப் பெருக்கிக்கொண்டவன், காவலனைப் பாராமலே வென்றுவிடலாம். இன்னும் சில விளையாட்டுகளில் அவ்வெண்ணையே காசு கொடுத்து வாங்கலாம். அங்கே பிள்ளை அறிவது ஒன்றுமில்லை. தந்தையின் பணப்பை மட்டுமே மெலிகிறது. நிலவறை கடையாகிவிட்ட இடத்தில் காவலன் வெறும் சுங்கக்காரன். நம் வீடுகளில் எழும் குறைகூறல் இத்தகைய விளையாட்டுகளைக் குறித்ததாயின் அதற்கு நியாயமுண்டு. ஆனால் அக்குறையை எல்லா விளையாட்டுகள்மீதும் ஒருசேரச் சுமத்துவது, மட்டமான நாவலைப் படித்துவிட்டு நாவல் என்னும் வகையையே தள்ளுவதற்கு ஒப்பாகும்.

ஸெல்டா வரிசையிலும் வாய்பாடு இறுகிப்போன இடங்கள் பல. பளிச்சென ஒளிரும் கண், கிடைத்த கருவியால் ஓர் அடி, மயக்கம், வாள்வீச்சு, இவ்வாறு மூன்றுமுறை, முடிந்தது போர். வினா கேட்கப்படும் முன்னரே விடை தெரிந்துவிடுகிறது. கருவியைக் கையில் எடுத்த கணத்திலேயே காவலனின் முடிவு பிள்ளைக்குத் தெரிந்துவிடுமானால் அங்கே உற்று நோக்கலுக்கு இடமில்லை.

குடுவையில் இருந்த ஜின்

1993இல் கேம் பாய் என்னும் சிறு கைக்கருவிக்காக வந்த ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’, இவ்வரிசையிலேயே நாம் மிக உயர்வாக மதிக்கும் படைப்பு. தகாஷி தெசுகா இயக்கியது. கதையமைப்பில் யோஷியாகி கொய்சுமி பங்கேற்றார். உள்ளங்கையளவு திரையில், வண்ணமே இல்லாமல் வந்த அவ்விளையாட்டு, பின்னர் 1998இல் வண்ணத்துடனும் 2019இல் முற்றிலும் புதிய உருவிலும் மீண்டும் வெளிவந்தது.

அதன் இரண்டாம் நிலவறையின் காவலன் குடுவையில் வாழும் ஒரு ஜின். ஆயிரத்தோர் இரவுகளின் மீனவன் கதையை அறிந்த நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு இவன் புதியவன் அல்லன். நபி சுலைமான் (அலை) அவர்களின் முத்திரையிட்ட செப்புக் குடுவையை மீனவன் திறக்க, வெளிவந்த ஜின் அவனையே கொல்லத் துணிகிறது. ‘இத்துணைப் பெரிய உடல் இச்சிறு குடுவைக்குள் எப்படி அடங்கியிருந்தது?’ என்று மீனவன் ஐயுற, அதனைக் காட்டுவதற்காக ஜின் உள்ளே புக, அவன் மூடிவிடுகிறான். ஜின்னின் செருக்கை அறிந்ததே மீனவனின் ஆயுதம்.

விளையாட்டின் ஜின்னும் செருக்குடையவன்தான். தன் குடுவை இருக்கும்வரை தன்னை எவரும் ஒன்றும் செய்ய முடியாது என்று அவனே பறைசாற்றிக்கொள்கிறான். அப்பெருமைப் பேச்சிலேயே விடை அடங்கியிருக்கிறது. அந்நிலவறையில் கிடைக்கும் வலிமைக் காப்பு பளுவைத் தூக்கும் ஆற்றலைத் தருவது. ஜின் குடுவைக்குள் ஒடுங்கும்போது அதனை வாளால் அடித்து நிறுத்தித் தூக்கிச் சுவரில் மோதவேண்டும். மூன்றாம் முறை குடுவை உடைகிறது. மீனவன் குடுவையை மூடி வென்றான். லிங்க் அதனை உடைத்து வெல்கிறான். வழி எதிரெதிரானது; இருவரும் பகைவனின் சொல்லைச் செவிகொடுத்துக் கேட்டே வழிகண்டனர் என்பது ஒன்றே.

இப்படைப்பின் பெருமை இத்துடன் நிற்கவில்லை. புயலில் கப்பல் உடைந்து லிங்க் ஒதுங்கிய தீவின் பெயர் கோஹோலிந்த். அங்கே மலையுச்சியில் பெரியதொரு முட்டை. அதனுள் காற்று மீன் என்னும் ஒன்று உறங்குகிறது. எட்டு நிலவறைகளின் காவலர்களை வென்று எட்டு இசைக்கருவிகளைச் சேர்த்து இசைத்தால் அஃது எழும். அஃது எழுந்தால்தான் லிங்க் தீவைவிட்டு வெளியேற முடியும். தொடக்கத்தில் காவலர்கள் வழக்கமான தீயவர்களாகவே தோன்றுகின்றனர். போகப்போக அவர்கள் சாகும் வேளையில் சொல்லும் சொற்கள் பிள்ளையை உறுத்தத் தொடங்குகின்றன. ‘நீ வராதிருந்தால் எதுவும் மாறியிராது’ என்னும் பொருள்பட அவற்றுள் ஒன்று கேட்கிறது. ஆறாம் நிலவறையை ஒட்டியுள்ள கோயிலொன்றின் சுவரில் உண்மை பொறிக்கப்பட்டிருக்கிறது. தீவு முழுவதும் உறங்கும் மீனின் கனவு. அது விழித்தால் தீவும் அதன் மக்களும் இல்லாமற் போவர்.

அத்தீவில் மரின் என்னும் பெண் இருக்கிறாள். கரையொதுங்கிய லிங்க்கைக் காப்பாற்றியவள் அவளே. கடற்பறவையாகிக் கடலுக்கு அப்பால் பறக்கவேண்டும் என்று ஆசைப்படுபவள் அவளே. இனி வெல்லப்படும் ஒவ்வொரு காவலனும் அவளுடைய நாட்களைக் குறைக்கிறான் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. தெரிந்தும் அடுத்த நிலவறையில் இறங்கவேண்டும். காவலர்கள் மீனைத் துயிலில் ஆழ்த்தித் தீவைத் தமதாக்கிக்கொள்ள விரும்பும் கொடுங்கனவுகள்தாம். அவர்களை நல்லவர்கள் என்று கதை எங்கும் கூறவில்லை. ஆயினும் அவர்கள் சொல்லும் செய்தி பொய்யன்று. பகைவன் கூறும் உண்மையைக் கேட்டபின் என்ன செய்வது? இவ்வினாவைப் பதின்வயதுக்கும் குறைந்த பிள்ளையின்முன் ஒரு சிறு கைக்கருவி வைத்தது என்பதே வியப்புக்குரியது. கதை அவ்வினாவுக்குப் பிள்ளையின் விருப்பப்படி விடையளிக்க இடந்தரவில்லை. ஆட்டத்தை முடிக்க வேண்டுமாயின் மீனை எழுப்பியே ஆகவேண்டும். இதனைக் குறை என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. விழிப்பு வந்தே தீரும் என்பதையும், இழந்தது நினைவில் வாழும் என்பதையும் ஒருசேரச் சொல்லும் முடிவு அது. வென்றவன் மகிழாத வெற்றியைப் பிள்ளைகளுக்குக் காட்டிய துணிவுக்காகவே அதனைப் போற்றுகிறோம்.

போரிடாத பகைவன்

இதே வினாவை இன்னும் கடுமையாகக் கேட்டது, ஃபுமிதோ உவேதா இயக்கி 2005இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வெளிவந்த ‘ஷாடோ ஆஃப் தி கொலோசஸ்’. இதில் நிலவறையே இல்லை, சிறுபகைவரும் இல்லை. பரந்து வெறிச்சோடிய நிலம், ஓர் இளைஞன், அவன் குதிரை, பதினாறு பேருருவங்கள். அவ்வளவே. இறந்துபோன பெண்ணொருத்தியை உயிர்ப்பிக்கவேண்டி, தடைசெய்யப்பட்ட அந்நிலத்துக்கு வந்த இளைஞனிடம், பதினாறையும் கொன்றால் அவன் விருப்பம் ஈடேறலாம் என்று உருவமற்ற குரலொன்று கூறுகிறது. அதற்கு விலை மிகுதியாயிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

இங்கே காவலனே நிலவறை. அவன் மேனியில் அடர்ந்த உரோமத்தைப் பற்றி ஏறவேண்டும். தோளில் நின்று இளைப்பாறவேண்டும். அவன் உடலசைவை அறியாமல் ஓரடியும் வைக்க இயலாது. முன்னர்க் கூறிய உற்று நோக்கல் இதில் உச்சத்தை அடைகிறது. அந்த உச்சத்தில்தான் உண்மை சுடுகிறது. பதின்மூன்றாவது பேருருவம் பாலைவனத்தின்மேல் மிதந்து செல்லும் நெடும்பாம்பு. அஃது இளைஞனை ஒருமுறையேனும் தாக்குவதில்லை. அதன் வயிற்றுக் காற்றுப்பைகளை அம்பெய்து கிழித்து, தாழ்ந்து வரும் இறகைக் குதிரைமீதிருந்து தாவிப் பற்றி, அதன் முதுகில் ஏறிக் கொல்லவேண்டும். தற்காப்பு என்னும் சாக்கு அங்கே இல்லை. ஒவ்வொன்றும் வீழும்போது எழும் இசை வெற்றி முழக்கமன்று, இழவின் இசை. கரிய நிழற்கயிறுகள் செத்த உடலிலிருந்து எழுந்து இளைஞனின் உடலில் புகுகின்றன. அவன் முகம் வெளிறுகிறது. மேனி கருமை படர்கிறது. இறுதியில் தலையில் கொம்புகளே தோன்றுகின்றன. காவலரையெல்லாம் கொன்றவன் தானே பூதமாகிறான்.

‘விளையாட்டு கொலையைக் கற்பிக்கிறது’ என்னும் குற்றச்சாட்டுக்கு விடை எங்கேனும் உண்டாயின் அது இப்படைப்பில்தான் உண்டு. கொல்லும் பொத்தானை அழுத்துபவன் பிள்ளையே. நாவலில் கதைமாந்தன் செய்த பாவத்தை வாசகன் வெளியே நின்று பார்க்கிறான். இங்கே அவன் கையே அதைச் செய்தது. வருந்துவதற்கும் அவனே உரியவன். பிற கலைகளால் இவ்வாறு வாசகனின் கையைப் பிடிக்க முடிவதில்லை.

காவலனுக்கு யார் முகம்?

காவலனை உற்று நோக்குக என்று கூறும் படைப்பாளிகளை நோக்கி நாமும் ஒரு வினா எழுப்ப உரிமை உண்டு. அக்காவலனுக்கு யாருடைய முகத்தைத் தந்தீர்கள்?

‘ஓக்கரினா’வின் நெருப்புக் கோயில் எரிமலைக்குள் அமைந்த நிலவறை. நெருப்புப் பாம்பொன்று அதன் காவலன் எனலாம். மலைவாழ் இனத்தார் அதற்கு இரையாகச் சிறைவைக்கப்பட்டிருக்கின்றனர். 1998இல் வந்த தொடக்கப் பதிப்புகளில் அந்நிலவறையின் பின்னணி இசையில் இஸ்லாமிய ஓதலின் குரல் கலந்திருந்தது. பிந்திய பதிப்பில் அது நீக்கப்பட்டு வேறு குரலிசை சேர்க்கப்பட்டது. அவ்விளையாட்டின் பெருந்தீயவனாகிய கேனன்டார்ஃப் பாலைவனத்துக் கெருடோ இனத்தில் பிறந்தவன். கொள்ளையர் என்று பெயரெடுத்த அவ்வினத்தின் சின்னமாக முதலில் இடம்பெற்றது பிறையும் விண்மீனும். அதுவும் பின்னைய பதிப்புகளில் மாற்றப்பட்டது.

இவற்றை வைத்துக்கொண்டு பகைமை கற்பிக்க நாம் முனையவில்லை. இனம்புரியாத அச்சத்தையும் தொலைதூர மணத்தையும் எழுப்பவேண்டி, பொருள் அறியாமல் எடுத்தாளப்பட்டவை என்றே கொள்வோம். ஆனால் நம் குறை அந்தப் பொருளறியாமையைப் பற்றியதே. ஓர் உள்ளத்துக்கு அமைதி தரும் குரல், மற்றோர் உள்ளத்துக்கு எரிகுழியின் பின்னணி ஓசையாகப் பயன்பட்டது. சிலந்தியின் கண்ணை இமைப்பொழுதும் தவறாமல் நோக்கச் சொன்ன படைப்பு, பாலைவன மக்களின் முகத்தை ஏறிட்டு நோக்காமலே தீட்டிவிட்டது. குரலும் சின்னமும் நீக்கப்பட்டது நல்லதே. எனினும் நீக்குவது அறிவதற்கு ஈடாகாது.

அறியும் முயற்சி சற்றுப் பின்னர் வந்தது. 2002இல் வெளிவந்த ‘விண்ட் வேக்கர்’ என்னும் படைப்பில் அதே கேனன்டார்ஃப் மீண்டும் வருகிறான். இம்முறை முதுமை தட்டிய தோற்றத்தோடு. இறுதிப் போருக்கு முன் அவன் தன் நாட்டைப் பற்றிப் பேசுகிறான். பகலில் சுடுகாற்றும் இரவில் குளிர்காற்றும் தன் மக்களுக்குச் சாவையே கொண்டுவந்தன என்றும், பசுமையான அண்டை நாட்டின்மேல் வீசிய காற்று வேறொன்றைக் கொண்டுவந்தது என்றும், அக்காற்றின்மேல்தான் தான் ஆசை கொண்டதாகவும் கூறுகிறான். அவன் செய்த தீமை இதனால் நன்மையாகிவிடவில்லை. லிங்க் அவனை வென்றே ஆகவேண்டும். ஆனால் இப்போது நாம் வெல்வது ஒரு முகமூடியை அன்று; வறண்ட நிலத்தில் பிறந்து பேராசையால் கெட்ட ஒரு மனிதனை. சில வரிகளே கொண்ட அவ்வுரை, முதற்படைப்பில் நேர்ந்த குறையை எந்தத் திருத்தப் பதிப்பும் செய்யாத அளவுக்கு நிறைவுசெய்கிறது.

அண்மைக் காலப் போக்கு

2017இல் வந்த ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ பழைய நிலவறை அமைப்பையே கலைத்துவிட்டது. நெடிய நிலவறைகளுக்கு மாறாக 120 சிறு கோயில்கள். ஒவ்வொன்றிலும் ஓரிரு புதிர்கள். பெருங்காவலர்கள் நால்வர் உறையும் நான்கு எந்திர விலங்குகளையும் எந்த வரிசையிலும் அணுகலாம். எவரையும் சந்திக்காமல் நேரே இறுதிப் பகைவனிடமும் செல்லலாம். ஒரு புதிருக்குப் பல விடைகள். இவ்வுரிமை பிள்ளையின் கற்பனைக்குச் சிறகு தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இழப்பும் உண்டு. எந்த வரிசையிலும் அடையக்கூடிய காவலன், முன் அறைகள் கற்பித்ததைத் தேர்ந்து வினவ முடியாது. நால்வரும் ஒரே தீமையின் சாயல்களாக, ஒரே தோற்றத்தின் வேறுபாடுகளாக நிற்கின்றனர். முதுமரத்தின் சிலந்தியைப் போல நினைவில் நிலைக்கவில்லை. 2023இல் வந்த அதன் தொடர்ச்சியாகிய ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ தனித்தனித் தோற்றமுடைய காவலர்களையும் கோயில்களையும் மீட்டுக்கொண்டது, இவ்விழப்பை ஆக்கியோரும் உணர்ந்தனர் என்பதைக் காட்டுகிறது.

பெரியவர்களுக்கு ஒரு சொல்

நேரத்தைப் பற்றிய கவலை பொய்யன்று. படிப்புக்கும் தொழுகைக்கும் உறக்கத்துக்கும் உரிய நேரத்தை எந்த விளையாட்டும் பறித்தல் ஆகாது. அதில் கண்டிப்பு வேண்டியதே. ஆனால் எஞ்சிய நேரத்தில் பிள்ளை ஆடும்போது, சற்றே அவன் அருகில் அமர்ந்து வினவிப் பார்க்கலாம். ‘இந்தப் பூதத்தை எப்படி வென்றாய்?’ என்று கேட்கலாம். ‘நிறைய அடித்தேன்’ என்று விடை வந்தால் அவ்விளையாட்டைப் பற்றி ஐயுறலாம். ‘முதலில் தோற்றேன், பிறகு அது தாவுவதற்கு முன்னால் இடப்புறம் சாய்வதைக் கண்டேன்’ என்று விடை வந்தால், அங்கே ஏதோ ஒன்று கற்கப்பட்டிருக்கிறது. தொடர்ந்து, ‘அது ஏன் அங்கே இருந்தது? நீ வென்றபின் அதற்கும் அந்த ஊருக்கும் என்ன ஆயிற்று?’ என்றும் கேட்கலாம். இவ்வினாவுக்கு விடைசொல்ல இயலாத விளையாட்டுகளே மிகுதி. விடை சொல்லத் தொடங்கிப் பிள்ளை சற்று மௌனமாகிறான் எனில், அவன் கையிலிருப்பது நல்லதொரு படைப்பு என்று கொள்ளலாம்.

முதுமரத்தின் சிலந்தியை லிங்க் வென்றான் என்று முன்னர்க் கூறினோம். அதன்பின் நிகழ்ந்ததைக் கூறவில்லை. வெளியே வந்த சிறுவனிடம் அம்மரம் நன்றி கூறுகிறது. அவன் வருவதற்கு முன்னரே தன் முடிவு உறுதியாகிவிட்டது என்கிறது. அவனைப் பயணத்துக்கு அனுப்பிவிட்டுப் பட்டுப்போகிறது. பகைவனை வென்றும் மரத்தைக் காக்க இயலவில்லை. முதல் நிலவறையிலேயே, முதல் வெற்றியிலேயே, பிள்ளைக்கு இது சொல்லப்படுகிறது. பட்ட மரத்தைக் கடந்துதான் அவன் காட்டைவிட்டு வெளியேறுகிறான்.